ஜக்காவ் ராஜாவின் முரசை நான் தட்டிய கதை

தாராவியில் என்னைத் தெரியாதவர் யாராவது இருந்தால், அவர் நேற்று ரயிலில் வந்து இறங்கியவராகத்தான் இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் என்னைத் தாங்கவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மீசை முளைக்குமுன் வந்து, அடுத்தவர் பட்டறையில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோல் மிதித்து, இன்று சொந்தமாக ஆறு குழி வைத்திருக்கிறேன். யாரும் கைதூக்கி விடவில்லை. அப்பேர்ப்பட்ட நான் ஆப்பிரிக்காவில் ஒரு ராஜாவின் அரண்மனைக்குள் போய், போர் முரசைத் தட்டி, ஊரையே கூட்டிவிட்டு, முழுசாகத் திரும்பி வந்தேன் என்றால் அதை எழுதாமல் இருக்க முடியுமா? மாட்டுங்கா லேபர் கேம்ப் டீக்கடையில் பல தடவை சொல்லியாயிற்று. ஒவ்வொரு தடவையும் முரசு கொஞ்சம் பெரிதாகிறது என்று நண்பர்கள் குறை சொல்கிறார்கள். இனி அளவு மாறாமல் இருக்கட்டும் என்று எழுதி வைக்கிறேன். எழுத்துப் பிழைகளைக் காதர் திருத்தியிருக்கிறான். பெருமையைத் திருத்த நான் விடவில்லை.

காதர் என் அக்கா மகன். காரைக்காலில் பிறந்து வளர்ந்தவன். வெள்ளைக்காரன் போன பிறகும் அந்த ஊரில் பிரெஞ்சு போகவில்லை. இவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. என் பட்டறையில் வெளிநாட்டுக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த வருஷம் மெட்ராஸ் தோல் முழுவதும் பெரிய கம்பெனிகளுக்கே போய்க்கொண்டிருந்தது. என் குழிகள் காய்ந்து கிடந்தன. மேஸ்திரி சுடலைமுத்து தினமும் காலையில் ஒரே பாட்டுத்தான். "முதலாளி, மால் இல்லாம எத்தனை நாளு குழியையே பாத்துக்கிட்டு நிக்கது? பயலுவ வடாலாப் பக்கம் வேற வேலை தேடிக்கிட்டுப் போறானுவ."

அப்போதுதான் கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் ஓர் ஆட்டுத்தோலைக் காட்டினார். செனகல் நாட்டுச் செம்மறி. உடம்பில் கம்பளி இல்லை. நம் மெட்ராஸ் சிவப்பு ஆடு மாதிரி முடிதான். தோலைக் கிள்ளினேன், ஊதினேன், முகர்ந்தேன், விரல் முட்டியால் தட்டினேன். பட்டு! கையுறை தைக்கிறவன் காலில் விழுந்து வாங்குவான்.

டீக்கடையில் சொன்னேன், நேரே போய் வாங்கி வரப்போகிறேன் என்று. எனக்குப் போட்டிப் பட்டறைக்காரர் கரீம் பாய் சிரித்தார்.

"ஓய், ஆப்பிரிக்கா போறது தாதர் பிரிட்ஜ் தாண்டுத மாதிரின்னு நெனச்சீரா? ரெண்டு வார்த்தை இங்கிலீசு தெரியுமா உமக்கு?"

"அங்க இங்கிலீசு கிடையாது வே, பிரெஞ்சு. அதுக்கு என் மருமவன் இருக்கான். எனக்கு நாக்கு அவன், மூளை நான்."

"மால் வரலைன்னா?"

கடை நிறைய ஆள். வாய் சும்மா இருக்குமா? "மால் வரலைன்னா என் ஆறு குழியும் உமக்குத்தான் வே. இத்தனை பேரும் சாட்சி!" என்று சொல்லிவிட்டேன். சுடலைமுத்து தலையில் கை வைத்துக்கொண்டு வெளியே போனான்.

செனகலின் தலைநகர் டக்காரில் இறங்கியதும் முதலில் என் ஜிப்பாவைப் பார்த்து எனக்கே வெட்கமாகிவிட்டது. முகமது அலி ரோட்டில் அளவெடுத்துத் தைத்த ஜிப்பா. அங்கே சாதாரண வெற்றிலைக்கடை மாதிரி ஒரு கடை வைத்திருப்பவன் போட்டிருக்கும் அங்கியில் என் ஜிப்பா நாலு வெட்டலாம். கஞ்சி போட்டு விறைத்து, நடக்கும்போது பாய்மரம் மாதிரி புடைக்கிறது. ஆள்களும் ஆறடி. சலாம் சொன்னால் பதில் சலாமோடு நிற்காது. நீ சுகமா, வீடு சுகமா, உம்மா சுகமா, ஆடு சுகமா என்று விசாரித்து முடிக்கும்வரை கையை விட மாட்டார்கள். பம்பாய் லோக்கலில் பழகிய எனக்கு, அதற்குள் மூன்று வண்டி போய்விடும் என்று கால் பரபரத்தது.

சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டும். பெரிய தட்டில் மீனும் சோறும் வந்தது. சுற்றி உட்கார்ந்து, அவரவர் முன்னால் உள்ளதைக் கையால் உண்ண வேண்டும். நம் வீட்டுக் கல்யாண சஹன் சாப்பாடு மாதிரியேதான். சோற்றைப் பார்த்தால் நொய்! நம் ஊரில் கோழிக்குப் போடுகிற நொய்யரிசி. முகம் சுளித்தேன். சோறு ஆக்கிய அம்மாள் அதைக் கவனித்துவிட்டுக் காதரிடம் ஏதோ சொன்னாள்.

"என்னலே சொல்லுதா?"

"முழு அரிசி சாறு குடிக்காது, அதைத் திங்கிறவங்களுக்கு ருசி தெரியாதுங்கறாங்க மாமா."

ஒரு வாய் வைத்தேன். மீன் சாற்றை ஒவ்வொரு நொய்யும் குடித்து உப்பியிருந்தது. அந்த அம்மாள் சொன்னது சரி. அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டை மட்டும் வழித்தேன்.

கப்பல்காரர் சொல்லியிருந்த தோல் வியாபாரி இருந்தது கவ்லாக் என்ற ஊரில். ஊருக்குள் நுழையும்போதே உப்பளம். வடாலா உப்பளத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து மடங்காக விரித்துப் போட்ட மாதிரி. அதைத் தாண்டினால் நிலக்கடலை. மூட்டை இல்லை, மலை. ஆள் ஏறி நிற்கிறான், கீழிருந்து பார்த்தால் காக்கா உயரம் தெரிகிறான். தெரு முழுவதும் குதிரை வண்டிகள்.

வியாபாரியின் பெயர் சம்பா. நம் நெல்லின் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர்! கருங்காலிக் கட்டை மாதிரி உடம்பு, சிரிப்பே இல்லாத முகம். கிடங்கில் தோலைக் காட்டினார். நான் கிள்ளி, ஊதி, தட்டி, ஒதுக்க வேண்டியதை ஒதுக்கியபோது அவர் கண் அகன்றது. ஒரு தோல் கட்டின் நடுவில் செருகி வைத்திருந்த வெள்ளாட்டுத் தோலைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துப் போட்டேன். அப்போதுதான் சிரித்தார்.

காரியம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. காதர் மெல்லச் சொன்னான்:

"மாமா, இவர் செரேர் இனத்துக்காரர். ராஜ குடும்பம். இப்ப இருக்கற ராஜா இவருக்குத் தாய்மாமாவாம். மாமா வாசல்ல கொண்டு போய் நிறுத்தாம வெளியாளுக்கு வாக்குக் கொடுக்கறது இவங்க வழக்கமில்லையாம். ஜக்காவ்னு ஊரு. ராஜா தலைநகரமா இருந்ததாம். நாளைக்கு வர்றீங்களான்னு கேக்கறார்."

"ராஜாவா? இந்தக் காலத்துலயா?"

"நாடு சுதந்திரமாகி, ஜனாதிபதியெல்லாம் வந்தாச்சு. ஆனா ராஜாவை யாரும் எடுக்கலையாம். படையும் வரியும் போச்சு. மரியாதை மட்டும் அப்படியே இருக்காம்."

எனக்கு ரத்தம் சூடாகிவிட்டது. கரீம் பாய் பார்த்த பெரிய மனுஷன் யார்? முனிசிபாலிட்டி வார்டு ஆபீசர். நான் ராஜாவைப் பார்க்கப் போகிறேன்! "போலாம்னு சொல்லுலே" என்றேன்.

மறுநாள் வேனில் ஏறினோம். வேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கோணி தைக்கிற கம்பியால் கட்டிய கதவு. எனக்கு இடப்பக்கம் கோழிக்கூடையோடு ஓர் அம்மாள், வலப்பக்கம் காதர், மடியில் யார் குழந்தையோ. கூரைமேல் ஒரு கடாவைக் கட்டியிருந்தார்கள். குலுங்கும்போதெல்லாம் அது தன் அபிப்பிராயத்தை ஜன்னல் வழியாக என் தோளில் வடித்தது. முகமது அலி ரோட்டு ஜிப்பா அதோடு முடிந்தது.

பாதி வழியில் எஞ்சின் கொதித்து நின்றது. டிரைவர் பதறவே இல்லை. எல்லோரிடமும் குடிக்கிற தண்ணீரை வாங்கி எஞ்சினுக்கு ஊட்டிவிட்டு, கடாவுக்குப் பக்கத்தில் ஏறித் தூங்கப் போய்விட்டார். நாங்கள் ஒரு பொந்தம்புளி மரத்தின் நிழலில் ஒதுங்கினோம். பத்துப் பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத மரம். நடுவில் பொந்து. உள்ளே எட்டிப் பார்க்கப் போன என்னைச் சம்பா கையைப் பிடித்து இழுத்தார்.

"உள்ள பாக்காதீங்க மாமா" என்றான் காதர். "அந்தக் காலத்துல ராஜா வம்சம் பாடுறவங்க செத்தா மண்ணுல புதைக்க மாட்டாங்களாம். இந்த மாதிரிப் பொந்துக்குள்ள வச்சுடுவாங்களாம்."

ரெண்டடி பின்னால் வந்து உட்கார்ந்தேன். அங்கேதான் சம்பா கதையை ஆரம்பித்தார். அவர் பிரெஞ்சில் ஒரு முழம் சொல்ல, காதர் தமிழில் ஒரு சாண் சொன்னான்.

"இந்த ராஜ வம்சம் இந்த மண்ணுக்காரங்களே இல்லையாம் மாமா. தெற்கே பெரிய சண்டை ஒண்ணுல தோத்துட்டு, பொம்பளை புள்ளைங்களோட காட்டுக்குள்ள ஒளிஞ்சு ஒளிஞ்சு வந்தவங்களாம். செரேர்க்காரங்க இடம் கொடுத்தாங்க. வந்த கூட்டத்துல ஒருத்தர் வழக்குத் தீர்க்கறதுல கெட்டிக்காரர். முதல்ல சின்னச் சண்டை, அப்புறம் பெரிய சண்டைன்னு எல்லாரும் அவர்கிட்டயே போய், கடைசில நீயே ராஜாவா இருன்னுட்டாங்களாம்."

நான் துள்ளி எழுந்தேன். "ஓடி வந்தவன் ராஜா ஆயிட்டானா? அப்ப அவன் நம்ம ஆளுலே! தாராவிக்காரன்லே அவன்!"

காதர் அதைப் பிரெஞ்சில் சொன்னானா, அல்லது நாகரிகமாக வேறு ஏதாவது சொன்னானா, தெரியாது. சம்பா தலையை ஆட்டிவிட்டு மேலே சொன்னார். முதலில் வேறு ஊரில் இருந்த ராஜ வாசல், பிறகு ஜக்காவுக்கு வந்ததாம். ராஜாவைத் தேர்ந்தெடுப்பது குடிமக்களின் தலைவர். ராஜா அத்துமீறினால் இறக்குவதும் அவரேதான். தெற்கேயிருந்து ஒரு மார்க்கத் தலைவர் படையோடு வந்து நாட்டையே நம் இஸ்லாம் தீனுக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கிறார். இவர்கள் எதிர்த்து நின்று ஜெயித்துவிட்டார்கள். இதைச் சொல்லும்போது சம்பா என் தொப்பியைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு பிரெஞ்சுக்காரன் பீரங்கியோடு வந்தான். ஈட்டியும் குதிரையும் அதற்கு எதிரே எவ்வளவு நேரம் நிற்கும்? நின்றவரை நின்றார்களாம். அவன் நாட்டை எடுத்துக்கொண்டு, கடலை விதைக்கச் சொல்லி, ராஜாவை நாற்காலியோடு விட்டுவிட்டான்.

"இவ்வளவு நாளும் ராஜாவுக்குப் பிறகு அவர் மகன், மகனுக்கு மகன்னு வருதா?" என்று கேட்டேன்.

சம்பாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. காதர் இரண்டு தடவை கேட்டான். பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான்: "மகனுக்கு எப்படி வரும்ங்கறார். மகன் வேற வீட்டுப் பொம்பளை பெத்ததாச்சே. அக்கா தங்கச்சி பெத்த பையன்தான் ராஜாவாம். வந்தவங்க ரத்தம் தாய் வழியாத்தான் ஓடுதாம்."

"இதுல உனக்கு என்னலே இத்தனை சிரிப்பு?" என்றேன். வண்டி கிளம்பிவிட்டது.

ஜக்காவ் என்றதும் நான் எதிர்பார்த்தது மைசூர் அரண்மனை. ஜிப்பாவைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டு இறங்கினால், தென்னை உயரத்துக்குத் தூசி, கூம்புக் கூரைக் குடிசைகள், சில ஓட்டு வீடுகள், கம்பந்தட்டை வேலி. ஊர் முழுவதும் ஒரு சத்தம்: பெண்கள் உரலில் கம்பு குத்தும் சத்தம். டக், டக், டக் என்று ஒரு வீட்டில் விட்டதை அடுத்த வீடு பிடித்துக்கொள்ளும். ஜோடி ஜோடியாகக் குத்துகிறார்கள். உலக்கையை மேலே எறிந்து, நடுவில் ஒரு கைதட்டுத் தட்டி, இறங்குமுன் பிடிக்கிறார்கள். தாராவியில் மாலையில் தகரம் தட்டுகிற சத்தத்துக்குப் பிறகு இப்படி ஒரு தாளம் நான் கேட்டதில்லை.

சம்பா எங்களை நேரே அரண்மனைக்குக் கூட்டிப் போகவில்லை. மண்மேடுகள் இருந்த இடத்தில் நிறுத்தி, செருப்பைக் கழற்றச் சொன்னார். கபுருகள், இறந்தவர்களை அடக்கிய இடம்.

"ராஜாக்களா?" என்றேன்.

"ராஜாக்களோட உம்மாக்கள். அக்கா தங்கச்சிகள். இவங்களைப் பார்த்துட்டுத்தான் ராஜாவையே பாக்கணுமாம்."

நின்றேன். இறந்தவர்களுக்காக ஒரு பாத்திஹா ஓதினேன். சம்பா என்னைப் பார்த்த பார்வையில் எண்ணெய் விட்ட தோல் மாதிரி கொஞ்சம் இளக்கம் இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டேன்.

அரண்மனை வாசலுக்குள் போனதும், முதலில் போய்ச் சொல்லிவிட்டு வருகிறோம் என்று சம்பாவும் காதரும் உள்ளே போனார்கள். என்னை ஒரு கூரைச் சாய்ப்பின் நிழலில் உட்காரச் சொன்னார்கள். எதையும் தொடாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. இதை நான் அழுத்தி எழுதுகிறேன்.

சாய்ப்புக்குள் அந்த முரசு இருந்தது.

என் இடுப்பு உயரம். ஒரே மரத்தைக் குடைந்தது. மேலே போர்த்திய துணி காற்றில் ஒதுங்கிக் கிடந்தது. அதன் தோலைப் பார்த்தேன். மாட்டுத்தோல், நல்ல காளை. சுண்ணாம்பு படாமல், சாம்பலில் முடி எடுத்த தோல். ஆனால் எண்ணெய் கண்டு வெகு காலம். ஓரத்தில் மயிரிழை மாதிரி வெடிப்பு ஓட ஆரம்பித்திருந்தது. ஐயோ, இப்படி ஒரு தோலை இப்படிக் காயவிடலாமா? தோல்காரனுக்கு இதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? தாராவியில் எவனுக்கும் இருக்காது. கிள்ளினேன். முகர்ந்தேன். பிறகு எந்தத் தோலையும் பார்க்கிற மாதிரி விரல் முட்டியால் ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று தட்டினேன்.

சின்னத் தட்டுத்தான். ஆனால் அந்தச் சத்தம்! பூமிக்குள்ளிருந்து ஒரு மாடு எழுந்து கத்தின மாதிரி. இரண்டாவது சத்தம் முதலாவதின் முதுகில் ஏறிக்கொண்டு ஊரைச் சுற்றிவிட்டு வந்தது.

உலக்கைகள் நின்றன. ஒன்றுகூட விடாமல் ஊரில் எல்லா உலக்கையும் நின்றன.

வேலிக்கு மேல் முதலில் தலைகள் தெரிந்தன. பிறகு வாசல் நிறைந்தது. வயலிலிருந்து மண்வெட்டியோடு ஓடி வந்தவர்கள், மாவு ஒட்டிய கையோடு பெண்கள். ஒரு கிழவி வாயில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். காதர் உள்ளேயிருந்து ஓடி வந்தான்.

"மாமா, என்ன பண்ணீங்க?"

"தோலைப் பாத்தேன்லே."

"இது ராஜாவோட போர் முரசு. ராஜா பட்டம் கட்டினா, போருக்குப் போனா, மவுத்தாப் போனா, அப்பத்தான் இதை அடிப்பாங்க. ராஜா செத்துட்டார்னு அந்தப் பாட்டியம்மா அழறாங்க!"

சம்பா பின்னால் வந்து நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நிலத்தைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். காதர் அதை மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவும் இல்லை. என் ஆறு குழியும் கண் முன்னால் வந்தன. அவற்றின் கரையில் கரீம் பாய் கைகட்டி நின்று சிரித்தார்.

கூட்டம் விலகி ஒரு கிழவருக்கு வழிவிட்டது. ஒல்லி உடம்பு, கூர்மையான கண். ராஜாவின் வம்சம் பாடுகிறவர் அவர். முரசும் அவர் பொறுப்பு. தோலைத் தடவிப் பார்த்தார். என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். பிறகு சந்தையில் ஏலம் போடுகிறவர் மாதிரி உரக்கப் பேச ஆரம்பித்தார். கூட்டத்தில் அங்கங்கே சிரிப்புக் கேட்டது. சம்பா பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, காதர் என் காதில் ஓதினான்.

"ஒரு தட்டுன்னா ஆடு முட்டினதுன்னு விட்டுடலாமாம். ரெண்டு தட்டு. ரெண்டு தட்டுன்னா பேச்சாம். முரசு பேசிடுச்சு, பேசினதைத் திரும்ப வாய்க்குள்ள போட முடியாதுங்கறார். ராஜா உயிரோட இருக்கார். போர் இல்ல. அப்ப மிச்சம் ஒண்ணுதானாம்: வேற நாட்டு ராஜா வாசலுக்கு வந்திருக்கணும். நீங்க எந்த நாட்டு ராஜான்னு கேக்கறார்."

"தாராவின்னு சொல்லுலே" என்றேன். பயத்திலும் வாய் எனக்கு அடங்காது.

"எத்தனை குதிரைன்னு கேக்கறார்."

"குதிரை இல்ல. கைவண்டி மூணு இருக்கு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கிழவி அழுகையை நிறுத்திவிட்டாள். ஆனால் கிழவர் சிரிக்கவில்லை. அந்த நேரம் உள்ளேயிருந்து ராஜா வந்தார். எல்லோரும் உட்கார்ந்துவிட்டார்கள். வயதானவர், வெள்ளை அங்கி. ஒரு தாழ்ந்த நாற்காலியில் அமர்ந்து, உதடு அசைவது தெரியாமல் ஏதோ சொன்னார். ராஜா உரக்கப் பேசமாட்டாராம்; அவர் மெல்லச் சொல்வதைப் பாடுகிறவர்தான் ஊருக்குச் சொல்ல வேண்டும். அவர் சொன்னார்:

"விருந்தாளி தன் வம்சம் சொல்லட்டும். சொல்லத் தெரிந்தால் முரசு சரியாகவே ஒலித்தது. தெரியாவிட்டால் அது பொய் சொன்னது. அதற்குப் பரிகாரம் செய்து, இவரை ஊர் எல்லைக்கு அனுப்ப வேண்டும்."

எல்லைக்கு அனுப்பினால் சம்பாவின் வாக்கும் கூடவே போகும். வம்சம்தானே! நெஞ்சை நிமிர்த்தினேன். "என் வாப்பா மீரான் ராவுத்தர், அவர் வாப்பா செய்யது ராவுத்தர்..." என்று தொடங்கியதும் கிழவர் கையை வீசி நிறுத்தினார்.

"அப்பா வழி நிலத்துக்கு. நாற்காலிக்குத் தாய் வழி. உன் தாய் யார்?"

"ஆமினா பீவி."

"அவளைப் பெற்றவள்?"

"பாத்துமுத்து."

"அவளைப் பெற்றவள்?"

மூன்றாவது விரலை மடக்கினேன், பெயர் ஒன்றும் வரவில்லை. ஒரு தோலைக் காட்டினால் அது எந்தச் சந்தையில் அறுத்த ஆடு, கோடையில் மேய்ந்ததா மழையில் மேய்ந்ததா என்று சொல்வேன். என் உம்மாவின் உம்மாவைப் பெற்றவள் யார்? என்னை நானே உண்டாக்கினேன் என்று இத்தனை வருஷம் சொல்லித் திரிந்தவனுக்கு, இதற்கு மேல் ஒரு பெயரும் தேவைப்பட்டிருக்கவில்லை. கூட்டம் காத்திருந்தது. உலக்கைகளும் காத்திருந்தன.

அப்போது என் நாக்கு பேசியது. காதரைச் சொல்கிறேன். நான் ஒன்றும் சொல்லாதபோதே அவன் பிரெஞ்சில் பேச, சம்பா அதைத் தங்கள் மொழியில் எடுத்துச் சொன்னார். நடுவே பெயர்கள் மட்டும் எனக்குக் கேட்டன. "செய்யதம்மாள்." கிழவர் தலையசைத்தார். "மரியம் கனி." மறுபடி தலையசைப்பு. "கதீஜா உம்மாள்."

"ஏலே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவன் கையைப் பிடித்தேன்.

"வருஷா வருஷம் வீட்டுல பாத்திஹா ஓதும்போது உம்மா ஒவ்வொரு பேராச் சொல்லித்தானே ஓதச் சொல்லுவாங்க. சின்னதுலேருந்து கேக்கறேனே. ஒரு வருஷமாச்சும் காரைக்கால் வந்திருந்தா உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும் மாமா."

அந்தப் பாத்திஹாவுக்கு நான் வருஷா வருஷம் ஆட்டுக்கிடாய்க்குப் பணம் அனுப்பியிருக்கிறேன். அனுப்பினவன் ஓதினதைக் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

கிழவர் காதரைக் காட்டி ஏதோ கேட்டார். 'இவன் யார்?' என்று எனக்கே விளங்கியது. சம்பா முந்திக்கொண்டு சொன்னார். சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. கிழவர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"என்னவாம்?"

காதர் நெளிந்தான். "அக்கா மகன்தான்னு சொன்னார். முதல்லயே ராஜாவைப் பேசவிட்டிருக்கலாமே, வாயாடி அமைச்சரை ஏன் பேசவிட்டீங்கன்னு கேக்கறார் மாமா."

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

ராஜாவின் உதடு அசைந்தது. கிழவர் எழுந்து நின்று சொன்னார்: "ஐந்து தாய்மார் இன்று நம் வாசலுக்கு வந்திருக்கிறார்கள். முரசு அவர்களுக்காக ஒலித்தது. அரைகுறையாக ஒலித்தது. முழுசாக ஒலிக்கட்டும்."

கிழவர் அடித்தார். நான் தட்டியதும் முரசுச் சத்தம்தான். ஆனால் அது தும்மல் என்றால் இது பேச்சு. ஆமினா பீவி, பாத்துமுத்து, செய்யதம்மாள், மரியம் கனி, கதீஜா உம்மாள். எங்கள் வீட்டு இந்த ஐந்து பெண்களும் நெல்லையைத் தாண்டியிராதவர்கள். அந்த ஐந்து பெயரும் அந்தக் கிழவரின் வாயில் கொஞ்சம் கோணி, கொஞ்சம் நீண்டு, ஜக்காவ் தூசியில் நடந்து போயின. என் கண்ணில் தூசி விழுந்தது. காதர் கண்ணிலும் விழுந்திருந்தது.

பிறகு சாப்பாடு. ராஜாவின் வீட்டு விருந்து என்ன தெரியுமா? கம்பு! மாவாக்கி, ஆவியில் அவித்து, கோழிச் சாறு ஊற்றியது. எந்தக் கம்பங்களிக்குப் பயந்து பம்பாய்க்கு ஓடி வந்தேனோ அதே கம்பு. மூன்று தடவை வாங்கி உண்டேன். கிளம்புமுன் பாடுகிற கிழவரிடம் முரசுத் தோலுக்கு எண்ணெய் போடச் சொன்னேன், எந்த எண்ணெய், எவ்வளவு சூட்டில் என்பது வரை. அவர் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. தோல் விஷயத்தில் நான் சொன்னது சரி. அதையும் அழுத்தி எழுதுகிறேன்.

சம்பா கவ்லாக்கில் விடை கொடுக்கும்போது என் கையை ஒரு தடவை குலுக்கினார், காதர் கையை வெகு நேரம் பிடித்திருந்தார். "சரக்கு வரும். எங்கே அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும்" என்றார். எழுத்து ஒன்றும் இல்லை. கம்பெனி பெயர் அச்சடித்த அட்டையை நீட்டினேன். வாங்கிப் பார்க்காமலே பையில் போட்டுக்கொண்டார்.

தாராவிக்கு வந்து சொன்னேன், ராஜா எனக்காகப் போர் முரசு கொட்டினார் என்று. யார் நம்புவார்கள்? வாரங்கள் போயின. மழை பிடித்துக்கொண்டது. டாக்யார்டுக்குக் காதர் போவதும் வருவதுமாக இருந்தான். எங்கள் கம்பெனி பெயரில் ஒன்றும் வரவில்லை. ஒரு நாள் காலையில் பட்டறைக்குப் போனால், கரீம் பாய் என் குழியின் ஆழத்தைக் குடையை விட்டு அளந்துகொண்டிருந்தார்.

"என்ன வே, மீன் பிடிக்கீரா?" என்றேன்.

"இல்ல ஓய், ராஜா முரசு சத்தம் கேக்குதான்னு பாத்தேன்."

சுடலைமுத்து அவர் குடையைப் பிடுங்கப் போனான். நான்தான் தடுத்தேன். சொன்ன வாக்கு என்னுடையது. இந்த மாதம் பார்ப்பது, பிறகு சாவியைக் கொடுத்துவிடுவது என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டு, கடைசியாக நானே காதரோடு துறைமுகத்துக்குப் போனேன்.

கிடங்கு ஆபீசில் இருந்தவர் மாட்டுங்காக்காரர், நெற்றியில் சந்தனம். எங்கள் பெயரைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாய், உங்க பேர்ல ஒண்ணும் இல்ல. செனகல்லேர்ந்து தோல் கட்டு ஒரு லாட் வந்து கிடங்குல கிடக்கறதுதான். ஆனா அது யாரோ லேடி பேர்லன்னா வந்திருக்கு. கேக்கவும் யாரும் வரலை."

"என்ன பேரு சாமி?"

அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக் கூட்டினார். "க... தீஜா... உம்மாள் வீடு. பாம்பே."

காதரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குக் கால் தரையில் இல்லை.

"எங்க வீட்டு மால்தான் சாமி!"

"அப்படீன்னா அந்த அம்மாளை வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கோ."

"அவங்க மவுத்தாகி நூறு வருஷத்துக்கு மேல இருக்கும்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையும் என் தொப்பியையும் பார்த்தார். "சரி, வாரிசு யாரு? அதையாவது சொல்லுங்கோ."

நான்தான் என்று வாய் வரைக்கும் வந்தது. தாராவியில் என்னைத் தெரியாதவர் யார்? காதரின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன்.

"இவன்தான் சாமி. நான் இவன்கூட வந்தவன்."

அவன் கையெழுத்துப் போடப் போட, நான் கிடங்குக்குள் ஓடினேன். கட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. கைக்கு எட்டிய கட்டில் ஒரு தோலை இழுத்து, கிள்ளி, ஊதி, முகர்ந்தேன். பிறகு விரல் முட்டியால் தட்டினேன், ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று.